சீனக்குடாவில் நிற்கும் செஸ்னா 172: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

திருகோணமலைச் சீனக்குடா ஓடுபாதையில் எங்கு நின்றாலும் கடல் கிட்டத்தான். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் உள்துறைமுகம். வாடை வந்தால் மழையும் ஈரமும், கச்சான் வந்தால் சூடும் புழுதியும். நானும் மச்சானும் பங்கில் வைத்திருக்கும் செஸ்னா 172எம் இந்தக் காற்றில்தான் நிற்கிறது. எழுபதுகளில் செய்த விமானம். லைக்கோமிங் ஓ-320 எஞ்சின், 150 குதிரைவலு, 12 வோல்ட் பற்றரி. மச்சான் ஓட்டுவார், பராமரிப்பு என் பொறுப்பு. ஒரே பழுதுகள் திரும்பத் திரும்ப வந்ததால் ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

எங்கள் விமானத்துக்கு வந்த பழுதுகளில் பெரும்பாலானவை பறந்ததால் வந்தவை அல்ல, நின்றதால் வந்தவை. அதனால் எஞ்சினில் கை வைக்க முன் நீர், உப்பு, குளவி ஆகிய மூன்றையும் பாருங்கள்.

## தொட முன்

சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுங்கள். மிக்சர், அதாவது காற்றோடு சேரும் பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி, முழுதாக வெளியே இருக்க வேண்டும். சில்லுக்குக் கட்டை வையுங்கள். சாவி கையில் இருந்தாலும் புரொப்பெலரை உயிருள்ளதாகவே நினையுங்கள். பற்றரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மக்னீற்றோவை நிறுத்தும் மெல்லிய வயர் அறுந்திருந்தால், கையால் ஒரு தரம் அசைத்தாலே எஞ்சின் பற்றிவிடும்.

பார்ப்பது, துடைப்பது, வடித்துப் பார்ப்பது, காற்று அடிப்பது இவை நம் வேலை. பிளக் கழற்றுவதைக்கூட எங்கள் பொறியியலாளர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்த பிறகே தொட்டேன். பாகம் கழற்றினால் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் பார்த்து, லொக் புத்தகத்தில் கையொப்பம் வைத்த பிறகே பறக்க வேண்டும். அவர் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ரத்மலானையிலிருந்து வரவேண்டும், தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இங்கே சரியாகப் பார்த்து என்ன கண்டோம் என்று தொலைபேசியில் தெளிவாகச் சொன்னால், அவர் சரியான சாமானோடு வருவார்.

## சாவியைத் திருப்பினால் புரொப்பெலர் சுற்றவில்லை

### ஒரு சத்தமும் இல்லை

மாஸ்ரர் சுவிச்சைப் போடும்போது பற்றரிப் பக்கம் "டிக்" என்று கேட்கிறதா? கேட்காவிட்டால் பற்றரி முழுதாக இறங்கியிருக்கலாம், அல்லது பற்றரி ரிலே வேலை செய்யவில்லை. மீற்றரை வைத்துப் பாருங்கள். ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. பற்றரியில் வோல்ட் இருந்தும் "டிக்" இல்லையென்றால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

### டக டக டக என்று அடிக்கிறது, அல்லது இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது

பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது மின் ஓட்டத்துக்கு வழி அடைத்திருக்கிறது. பற்றரியை மாற்ற ஓட வேண்டாம். முதலில் முனைகளைப் பாருங்கள். வாடைக்குப் பிறகு அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மைனஸ் பக்கத்தை முதலில் கழற்றி, பிரஷால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மெல்லியதாக வசிலின் பூசுங்கள். பிறகு எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் எர்த் வயரைப் பாருங்கள். பலரும் அதை மறந்துவிடுவார்கள். எங்களுடையது மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நட்டைக் கழற்றியபோது அடியில் அலுமினியம் மாவாகக் கொட்டியது. அதைத் தேய்த்துப் பூட்டியதும் அதே பற்றரி, அதே ஸ்ராட்டர், முதல் திருப்பிலேயே சுற்றியது.

முனைகள் சுத்தம், எர்த் சுத்தம், பற்றரி நிறைவு, அப்போதும் இழுக்கிறது என்றால் ஸ்ராட்டர் ரிலே அல்லது ஸ்ராட்டர். அது பொறியியலாளரின் வேலை. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடித்துச் சூடாக்காதீர்கள்.

### ஸ்ராட்டர் கிறீச்சென்று சுற்றுகிறது, புரொப்பெலர் அசையவில்லை

ஸ்ராட்டரின் பல்லுச் சக்கரம் உப்புப் புழுதியில் இறுகி முன்னுக்கு வராமல் நிற்கிறது. கிறீஸ் பூச வேண்டாம். அது புழுதியை இன்னும் பிடிக்கும். சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும் போட வேண்டும்.

## சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

முதலில் மூக்கால் பாருங்கள். பெற்றோல் மணம் அடிக்கிறதா?

### மணம் அடிக்கிறது

வெள்ளம் போட்டுவிட்டீர்கள், அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் கூடிவிட்டது. குளிர்நாட்டில் எழுதிய கையேட்டைப் பார்த்து ஐந்தாறு தரம் பிறைமரை (எஞ்சினைப் பற்றவைக்க முன் உள்ளே பெற்றோல் விடும் கைப்பம்ப்) அடிப்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் சீனக்குடாவில் ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு. எஞ்சின் சூடாக இருந்தால் ஒன்றும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: மிக்சர் முழுதாக வெளியே, திறொட்டில் (வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுதாக உள்ளே, பிறகு சுற்றுங்கள். பற்றியவுடன் மிக்சரை உள்ளே தள்ளி, திறொட்டிலைப் பின்னுக்கு இழுங்கள். திறொட்டிலைப் பம்ப் போல அடிக்கவே கூடாது. பெற்றோல் கார்புரேற்றருக்குக் கீழே தேங்கி, ஒரு பின்வெடிப்பில் தீப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் சாவியை விடாதீர்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். பற்றாவிட்டால் மிக்சர் வெளியே, திறொட்டில் முழுதாக, தொடர்ந்து சுற்றுங்கள். வெளியே ஒருவர் தீயணைப்பானோடு நிற்காமல் நாங்கள் சாவியைத் திருப்புவதே இல்லை.

### மணம் இல்லை

எரிபொருள் தெரிவுப் பிடி "இரண்டும்" என்ற இடத்தில் நிற்கிறதா? மிக்சர் உள்ளே இருக்கிறதா? கேட்கச் சின்ன விடயம், ஆனால் இரண்டு தரம் எங்களுக்கு நடந்திருக்கிறது. பிறகு வடித்துப் பாருங்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

### எரிபொருள் சரி, பொறி இல்லை

சுற்றும்போது முன்பக்கத்தில் "கிளக், கிளக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். மெதுவாகச் சுற்றும்போதும் வலுவான பொறி கொடுப்பதற்காக மக்னீற்றோவில் உள்ள சுருள்வில்லின் சத்தம் அது. அது கேட்காவிட்டால், அல்லது புரொப்பெலர் எதிர்ப்பக்கம் உதைத்தால், அதோடு நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் ஸ்ராட்டரும் உடையும். பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## வடித்த பெற்றோல் சந்தேகமாக இருக்கிறது

100எல்எல் விமானப் பெற்றோல் நீல நிறம். இரண்டு இறக்கைக்குக் கீழும், எஞ்சின் பக்க வடியிலும் ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் கோப்பையில் எடுக்க வேண்டும், பெற்றோல் நிரப்பிய பிறகும் எடுக்க வேண்டும்.

### அடியில் குமிழ் போல உருண்டு நிற்கிறது

நீர். வடியுங்கள். இறக்கை நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள், வாலைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், பத்து நிமிடம் பொறுத்துத் திரும்ப வடியுங்கள். மூன்று தரம் சுத்தமாக வரும்வரை இதைச் செய்யுங்கள்.

### கோப்பை முழுதும் தெளிவாக இருக்கிறது

இதுதான் ஆபத்து. ஒரு மார்கழியில் ஐந்து நாள் அடைமழைக்குப் பிறகு வலது இறக்கையில் எடுத்தேன். கோப்பைக்குள் ஒரு கோடும் இல்லை, ஒரு குமிழும் இல்லை. பளிங்கு போல இருந்தது. நல்லது என்று ஊற்றப் போனபோது பக்கத்தில் நின்ற பொடியன் கேட்டான்: "அண்ணை, இதில நீலம் எங்க?" அப்போதுதான் விரலை விட்டுப் பார்த்தேன். குளிரவில்லை, காயவில்லை. கோப்பை முழுதும் மழைத் தண்ணீர். பெற்றோலும் தண்ணீரும் சேர்ந்து நின்றால்தான் கோடு தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் கோடு எங்கே தெரியப்போகிறது? அன்று அந்த இறக்கையிலிருந்து அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் வடித்தோம்.

அன்றிலிருந்து கோப்பையை வெள்ளைச் சீலைக்கு முன்னால் பிடித்து நிறம் பார்ப்பேன், மணந்து பார்ப்பேன், ஒரு சொட்டைக் கையில் விடுவேன். பெற்றோல் சில்லென்று குளிர்ந்து உடனே பறந்துவிடும்.

காரணத்தை மலிவிலிருந்து தேடுங்கள். முதலில் இறக்கை மேலுள்ள பெற்றோல் மூடியின் ரப்பர் வளையம். வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை அற்பம். அடுத்தது மூடி உட்காரும் விளிம்பு. அடுத்தது பெற்றோல் வைத்திருக்கும் பீப்பாய்: நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல் மழை நின்றால், இரவுக் குளிரில் மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பீப்பாயைச் சரித்து, மூடி இரண்டும் கிடையாக இருக்கும்படி வையுங்கள்.

### மண்ணெண்ணெய் போல மணம்

எங்களைப் போன்ற பிஸ்ரன் எஞ்சினுக்கு ஜெட் எரிபொருள் நஞ்சு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். விமானப் பெற்றோல் தடமில்லாமல் காயும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வட்டமாக நிற்கும். வட்டம் நின்றால் எஞ்சினைத் தொடாதீர்கள், மாஸ்ரர் சுவிச்சும் போட வேண்டாம். உடனே பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## தரையில் நன்றாக ஓடுகிறது, பறக்கும்போது வலு குறைகிறது

### திறொட்டிலைத் தொடவில்லை, சுற்று மெல்ல மெல்ல இறங்குகிறது

திருகோணமலையில் ஐஸ் என்றால் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. ஆனால் கார்புரேற்றருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது காற்று இருபது முப்பது பாகை குளிர்ந்துவிடும். ஈரம் நிறைந்த காற்றில், வலுவைக் குறைத்து இறங்கும்போது, வெளியே 30 பாகை இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டும். மழை விட்ட காலையில் கொட்டியாரக் குடாவுக்கு மேலால் வருவது இதற்கு ஏற்ற நேரம்.

கார்புரேற்றருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீற் பிடியை முழுதாக இழுங்கள். பாதி இழுப்பது கூடாது. இழுத்ததும் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக உதறும். உருகிய நீரை அது விழுங்குகிறது. பயந்து பிடியைத் திரும்பத் தள்ளிவிடாதீர்கள். உதறல் நின்று சுற்று ஏறும்வரை விடுங்கள். தரைச் சோதனையில் பிடியை இழுத்தால் சுற்று கொஞ்சம் குறைய வேண்டும். குறையாவிட்டால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது குழாய் கிழிந்திருக்கும். அதைத் திருத்தாமல் பறக்கக்கூடாது.

### சிறிது நேரம் பறந்த பின் எஞ்சின் பெற்றோல் போதாமல் தாகமாக இழுக்கிறது

தரை இறங்கி, மாஸ்ரரை நிறுத்தி, இறக்கை மேல் ஏறி பெற்றோல் மூடியைத் திறவுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்று விடும் குழாய் அடைத்திருக்கிறது. இடது இறக்கைத் தாங்கிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் அது. எங்களுடையதில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய நைலோன் நூலை விட்டபோது ஒரு விரல் கணு ஆழத்தில் முட்டியது. செம்மண் உருண்டை, அதற்குள் இரண்டு புழு.

மண்ணைக் கம்பியால் உள்ளே தள்ளாதீர்கள். உள்ளே ஒரு வழித் தடுப்பு இருக்கிறது, அது உடைந்தால் செலவு வேறு. வெளியே இழுக்க முடியாவிட்டால் பொறியியலாளரிடம் விடுங்கள்.

## மக்னீற்றோச் சோதனையில் சுற்று கூடுதலாக விழுகிறது

எஞ்சினில் இரண்டு மக்னீற்றோ இருக்கின்றன, சாவியால் ஒவ்வொன்றாக நிறுத்திச் சுற்று எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. எங்கள் கையேட்டின்படி நிமிடத்துக்கு 1700 சுற்றில் சோதிக்க வேண்டும். எந்த மக்னீற்றோவிலும் 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் இடையில் 50க்கு மேல் வித்தியாசம் கூடாது. உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதையே நம்புங்கள்.

### விழுகிறது, உதறுகிறது

பெரும்பாலும் பிளக் அழுக்கு. 100எல்எல்லில் ஈயம் இருக்கிறது. மெதுவாக, மிக்சர் முழுதாக உள்ளே வைத்து நீண்ட நேரம் தரையில் ஓடினால் ஈயம் சின்ன மணிகளாக உருண்டு பிளக்கில் ஒட்டும். 2000 சுற்றுக்கு ஏற்றி, மிக்சரைச் சுற்று உச்சம் வரும்வரை மெதுவாக இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட விட்டுத் திரும்பச் சோதியுங்கள். பிறைமர் பிடி பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டாவிட்டால் அது தன்பாட்டில் பெற்றோலை உள்ளே விடும்.

போகாவிட்டால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைப் பழுதான மக்னீற்றோவில் மட்டும் ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சாவியைக் கழற்றி, நான்கு சைலன்சர் குழாய்களின் சூட்டையும் வெப்பமானியால் பாருங்கள். குளிர்ந்து நிற்பதுதான் ஆள். அந்த மக்னீற்றோவின் வயரைப் பிடித்துக்கொண்டு போனால் பிளக்குக்கு வந்துவிடுவீர்கள். அதை வேறு சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். பழுது பிளக்கோடு போனால் பிளக், அதே சிலிண்டரில் நின்றால் வயர் அல்லது மக்னீற்றோ. பூட்டும்போது புதிய செப்பு வளையமும், 30 முதல் 35 அடி-இறாத்தல் இறுக்கமும். கீழே விழுந்த பிளக்கை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், எறிந்துவிடுங்கள்.

### உதறாமல் விழுகிறது

மக்னீற்றோவின் நேரம் மாறியிருக்கலாம். நம் வேலை அல்ல. 500 மணிநேரத்துக்கு ஒரு தரம் மக்னீற்றோவைக் கழற்றிப் பார்க்க வேண்டும், லொக் புத்தகத்தைப் பாருங்கள்.

### விழவே இல்லை

நல்ல செய்தி என்று நினைத்துப் பறந்துவிடாதீர்கள். அந்த மக்னீற்றோ சாவியில் நிற்கவில்லை என்று அர்த்தம். நான் முதலில் சொன்ன, கையால் அசைத்தாலே பற்றும் எஞ்சின் இதுதான். புரொப்பெலரில் "தொடாதே" என்று எழுதிக் கட்டி, ஒருவரையும் கிட்ட விடாமல், அன்றே பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## வேகமானி சரியில்லை

### வேகமானி மட்டும்

எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் பிற்றோக் குழாய். இங்கேயும் குளவிதான். 1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பேர்கன்எயார் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். பல நாள் பறக்காமல் நின்ற விமானம் அது, குழாய்க்கு மூடியும் போட்டிருக்கவில்லை. அடைத்த பிற்றோக் குழாய் தவறான வேகத்தைக் காட்டியது, குளவிக் கூடுதான் அடைப்பாக இருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. எங்கள் விமானம் சின்னது, குளவி அதே அளவுதான்.

உறையைக் கழற்றினால், திரும்ப வரும்போது மட்டுமல்ல, தேநீர் குடிக்கப் போகும்போதும் போடுங்கள். அடைப்பு இருந்தால் வாயால் ஊதாதீர்கள், கொம்பிரசர் காற்றும் அடிக்காதீர்கள். மறுமுனையில் வேகமானி இருக்கிறது, அது அப்போதே செத்துவிடும். குழாயை மானியிலிருந்து கழற்றிய பிறகே சுத்தம் செய்ய வேண்டும், திரும்பப் பூட்டியதும் கசிவுச் சோதனை வேண்டும். இரண்டுமே பொறியியலாளர் கையால்.

ஓடுபாதையில் ஓடத் தொடங்கியதும் முள் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் திறொட்டிலை இழுத்து நில்லுங்கள். சீனக்குடாவில் ஓடுபாதை நீளம், 172க்கு நிற்க இடம் தாராளம்.

### உயரமானியும் ஏற்ற இறக்கமானியும் சேர்ந்து தவறுகின்றன

இந்த மானிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும், பக்கவாட்டில் உள்ள சின்னத் துளையைப் பாருங்கள். கழுவியபோது மெழுகு அடைத்திருக்கும், அல்லது ஒட்டிய ரேப்பைக் கழற்ற மறந்திருப்பீர்கள். நிறம் பளிச்சென்று தெரியும் ரேப்பை மட்டுமே பாவியுங்கள்.

## றேடியோவும் மின்சாரமும்

எஞ்சின் சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் விசில் சத்தம் மின்சாரம் உண்டாக்கும் ஒல்ரநேற்றர் பக்கம். டிக் டிக் சத்தம் மக்னீற்றோ வயரின் உறை. கரகரவென்று விட்டு விட்டு வந்தால் ஹெட்செற் குத்தும் துளையையும் அன்ரெனாவின் அடியையும் துடையுங்கள். உப்புத்தான்.

அம்மீற்றர் இறக்கம் காட்டினால் பெல்ற் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்திருந்தால் ஒரே ஒரு தரம் உள்ளே தள்ளலாம். இரண்டாம் தரமும் விழுந்தால் விட்டுவிடுங்கள், எங்கோ வயர் சுடுகிறது.

## தரையில் உதறல், இருக்கை நழுவல்

இறங்கியதும் முன் சில்லு படபடவென்று அடித்தால் முதலில் காற்று. எங்களுடையதற்கு முன் ரயர் 31 பிஎஸ்ஐ, பின் ரயர் 29. பிறகு உதறல் தணிப்பானின் எண்ணெய், பிறகு முன்காலின் இணைப்புகளில் தேய்மானம். கடைசியது பொறியியலாளருக்கு.

இருக்கை பூட்டிய பின் முன்னும் பின்னும் உடம்பால் உலுக்குங்கள். அசைந்தால் பறக்கக்கூடாது. மேலே ஏறும்போது இருக்கை பின்னுக்கு வழுக்கினால் விமானியின் கை ஸ்ரியறிங்கையும் இழுத்துக்கொண்டு போகும். இதனால் பலர் இறந்த பிறகே செஸ்னா இருக்கைத் தண்டவாளங்களைக் குறித்த கட்டாயச் சோதனை வந்தது, இன்றுள்ள உத்தரவின் இலக்கம் 2011-10-09. துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இதில் பணம் பார்க்க வேண்டாம்.

## ஓயில் வடிக்குள் மினுக்கம்

செலவு கூடியது இதுதான். ஐம்பது மணிநேரத்துக்கு ஒரு தரம், பறக்காவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒரு தரம் ஓயில் மாற்றும்போது, வடியை வெட்டித் தாளை விரித்து வெயிலில் பாருங்கள்.

கறுப்புக் கரித்தூள் என்றால் பயமில்லை. மினுங்கினால் காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்கள். ஒட்டாத ஓரிரண்டு துணுக்கு என்றால் எழுதி வைத்து, அடுத்த மாற்றத்தை 25 மணிநேரத்திலேயே செய்யுங்கள். காந்தத்தில் மீசை போல ஒட்டினால் உருக்கு. லைக்கோமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கம்தண்டு கிராங்குக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஓயில் வழிந்துவிடும், வெறுந்தண்டில் கடல் ஈரம் படிந்து துரு பிடிக்கும். அடுத்த தரம் ஓடும்போது அந்தத் துரு உரிந்து வரும்.

வாரம் ஒரு தரம் தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும் என்று நாங்களும் இரண்டு வருடம் நினைத்திருந்தோம். அது கூடுதலாகக் கெடுக்கும். ஓயில் 74 முதல் 93 பாகை வரை சூடாகி, ஒரு மணிநேரம் பறந்தால்தான் உள்ளே உள்ள ஈரம் போகும். பறக்க முடியாத வாடை மாதங்களில் தரையில் ஓட்டாமல், பாதுகாப்பு ஓயில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பிளக் பூட்டி, சைலன்சரையும் காற்று வாயையும் அடைத்து வைக்கிறோம்.

காந்தத்தில் ஒட்டிய அன்று பறக்காதீர்கள், எஞ்சினை ஓட்டியும் பார்க்காதீர்கள். வெட்டிய தாளை மடிக்காமல் ஒரு சுத்தமான பிளாஸ்ரிக் பையிலும், வடித்த ஓயிலில் ஒரு கோப்பை அளவை, கழுவிக் காயவைத்த போத்தலிலும் போட்டு, திகதியும் எஞ்சின் மணிநேரமும் எழுதி ஒட்டி, பொறியியலாளர் கையில் கொடுங்கள். அவர் முதலில் கேட்பது கடைசியாக எத்தனை நாள் பறக்காமல் நின்றது என்பதைத்தான்.